மேனேஜர் தம்பிக்கு

ஜனவரி 9

அன்புள்ள மேனேஜர் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய், உன் வீட்டுக்காரியின் முழங்கால் வலி தேவலையா என்று தெரிந்தால் நிம்மதி. போனில் கேட்டால் ‘ம்’ கொட்டிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தில் ‘ம்’ கொட்ட முடியாதே. அதனால்தான் இந்தப் பழக்கத்தை நான் விடுவதாக இல்லை.

எங்கள் அறைக்குப் புது ஆள் வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் என் ராஜ்ஜியம் உனக்குத் தெரியுமே. ஆபரேஷனுக்குப் போய்வரும் கத்தரி, ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, டிரேயில் அடுக்கி, துணியில் பொதிந்து, நீராவிப் பெட்டியில் வைத்து, கிருமி இல்லாமல் மேலே அனுப்ப வேண்டும். யாராவது சின்னப் பையன் வருவான், அதட்டி வேலை வாங்கலாம் என்று இருந்தேன். வந்தவருக்கு ஐம்பத்துமூன்று வயது. என்னைவிட ஆறு வயது பெரியவர். இருபத்தைந்து வருஷம் ஹோட்டலில் சப்ளையராக இருந்தாராம். ஹோட்டலை இடித்துவிட்டார்களாம்.

முதல் நாளே பதினெட்டு கிளாம்ப் இருந்த டிரேயை ஒற்றை உள்ளங்கையில் ஏந்தி, தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, இடுப்பை வளைத்து வளைத்து வந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வரவே கொஞ்ச நேரம் ஆனது. அவர் என்னை ‘மேடம்’ என்கிறார். நான் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ‘இந்தாங்க’ என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பயிற்சி மூன்று மாதம். ஏப்ரல் பத்தாம் தேதி அவரைப் பற்றி நான் ஓர் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தகுதி என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் யாருக்கும் கற்றுக்கொடுத்தது கிடையாது. நீதான் முப்பது பேரை மேய்க்கிறவனாயிற்றே, ஒரு வழி சொல்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்
அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் நலம். முழங்கால் வலி பரவாயில்லை. அவள் இப்போது பக்கத்துத் தெருவில் சின்னப் பிள்ளைகள் பள்ளியில் உதவிக்குப் போகிறாள். வீட்டில் சும்மா இருந்தால் பொழுது போகவில்லையாம். ஆபீஸ் தாள் தீர்ந்துபோனதால் இந்தக் கோடு போட்ட தாளில் எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.

சப்ளையர் டிரே தூக்கிய கதையை இரண்டு தடவை படித்தேன். வழி சொல்லும் அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா. ஒன்று மட்டும் கேட்கிறேன். மத்தியானம் அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்?

அத்தானுக்கும் மருமகளுக்கும் என் அன்பு.

தம்பி

பிப்ரவரி 8

அன்புள்ள மேனேஜர் தம்பிக்கு,

இங்கே யாவரும் நலம், மகளுக்கு மட்டும் சளி. மேனேஜர் பெண்டாட்டிக்குப் பொழுது போகவில்லையா? நல்ல கூத்து. என்னிடம் அனுப்பு, நூறு கத்தரி தருகிறேன், துலக்கட்டும்.

உன் கேள்விக்குப் பதில்: மாடிப்படியில். நீ கேட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன். எங்கள் அறையில் ஐந்து நாற்காலி, ஐந்து பேர். ஆறாவது ஆள் எங்கே உட்காருவார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு மாதமாக அந்த மனுஷன் படியில் உட்கார்ந்து மடியில் டப்பாவை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். மறுநாள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார், ஆனால் ஓரமாக.

வேலை விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருக்கிறது. எது சொன்னாலும் தலையாட்டி பொம்மை மாதிரி ஆட்டுகிறார். அரை மணி கழித்து அதையே கேட்கிறார். ஞாபகசக்தி மட்டும் அபாரம். ஒவ்வொரு டிரேயிலும் என்னென்ன வேண்டும் என்கிற பட்டியலை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார். பன்னிரண்டு மேஜைக்குத் தாளில்லாமல் ஆர்டர் எடுத்த தலையாம். ஆனால் ஏன், எதற்கு என்று கேட்க ஆரம்பித்தால் என் வேலை நின்றுபோகிறது. கடைசியில் ஒன்று சொல்லிவிட்டேன். “வாயால சொல்லிட்டிருக்க எனக்கு வராது. என் கையைப் பாருங்க, அது போதும்.”

இன்னொரு விஷயம். மகளுக்குப் படிப்பு மே மாதம் முடிகிறது. உன் ஆபீஸில் ஒரு நாற்காலி பார்த்துவை. மாமா மேனேஜராக இருக்கும்போது அவள் எதற்கு வாசல் வாசலாக ஏற வேண்டும்?

பதில் போடு.

அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மருமகளின் சளி இந்நேரம் சரியாகியிருக்கும். எனக்கு வலது தோளில் கொஞ்சம் பிடிப்பு, வேறொன்றுமில்லை.

நீ எழுதியதை யோசித்துக்கொண்டே இருந்தேன். புது ஆள் தலையாட்டுவது புரிந்ததால் அல்ல. சொல்கிறவருக்கு நேரமாகிறது என்று தெரிவதால். வயதானவனாக இருந்தால் இன்னும் மோசம். ஒரு கேள்வியை இரண்டாவது தடவை கேட்பதற்கு முன்னால் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்து, கேட்கலாமா வேண்டாமா என்று நின்று, திரும்பி வந்து, ‘மன்னிச்சுக்கங்க’ என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அப்போது எதிரில் இருப்பவர் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், கேட்க வந்ததே மறந்துவிடும்.

கையைப் பார் என்று சொன்னாய். உன் கை இருபத்திரண்டு வருஷ வேகத்தில் ஓடுகிறது அக்கா. பார்க்கிறவனுக்கு எது முதலில் நடந்தது, எது பின்னால் என்றே தெரியாது. இரண்டும் ஒன்றாக நடந்த மாதிரி இருக்கும்.

இவ்வளவுதான் தோன்றியது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

மார்ச் 7

மேனேஜர் தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று என் மானம் போயிற்று. காலையில் மேலே போன பதினோரு டிரேயும் திரும்பி வந்துவிட்டன. ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் முதல் பொதியைப் பிரித்துப் பார்த்தால், கிளாம்ப் அத்தனையும் பூட்டியபடி இருக்கின்றன. கிளாம்ப்பைத் திறந்தபடிதான் நீராவியில் வைக்க வேண்டும். பூட்டி வைத்தால் பல்லும் பல்லும் சேர்ந்த இடத்தில் ஆவி போகாது. கிருமி அப்படியே இருக்கும். அன்றுதான் முதல் தடவையாக அவரைத் தனியே அடுக்க விட்டிருந்தேன். ஸ்பூனையும் முள்கரண்டியையும் அடுக்குகிற மாதிரி, ஒன்று துருத்திக்கொண்டு இல்லாமல், எல்லாவற்றையும் மூடி வரிசையாக அடுக்கியிருக்கிறார் நம் சப்ளையர். அழகுதான். என்ன பிரயோஜனம்? மேஜையில் படுக்க வைத்திருந்த ஒரு பெரியவர் மூன்று மணி நேரம் பட்டினியாகக் காத்திருந்தார். நல்லவேளை, வேறு கெடுதல் இல்லை.

பொதிவதற்கு முன் நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பார்த்தேன், எண்ணினேன், கணக்கு சரியாக இருந்தது, போட்டேன். அவர் ஒழுங்காகச் செய்வார் என்கிற நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது. நூறு தடவை சொல்லியிருப்பேன், திறந்து வையுங்கள் என்று.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அவரைக் கூப்பிட்டு, மேடம் இதைச் சொல்லித்தரவில்லையா என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். “சொல்லியிருப்பாங்க சிஸ்டர், நான்தான் கவனிக்கல” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏப்ரல் பத்துவரை காத்திருக்க வேண்டாம், அறிக்கையை இந்த மாதமே எழுதிக்கொடு, வேறு ஆள் பார்க்கலாம் என்று சிஸ்டர் என்னிடம் சொல்லிவிட்டார். பாவம்தான், ஆனால் நான் என்ன செய்ய?

மகள் வேலை பற்றிக் கேட்டிருந்தேனே. அதை மட்டும் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறாய்.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மனது எனக்குப் புரிகிறது. நீ எதையும் வேண்டுமென்று செய்கிறவள் இல்லை.

நூறு தடவை சொல்லியிருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த நூறில் ஒன்றை மட்டும் எனக்குச் சொல். எந்த நாள், எந்த மேஜைக்குப் பக்கத்தில், என்ன வார்த்தையில் சொன்னாய்?

அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதற்கு மட்டும் பதில் எழுது.

தம்பி

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரத்துக்கு மேலாக உனக்கு எழுதவில்லை. கோபம். பெரிய மேனேஜர், என்னையே விசாரணை செய்கிறானா என்று உன் கடிதத்தைக் கிழிக்கக்கூடப் போனேன். இப்போது எல்லோரும் நலமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கேள்வியை மறக்க முடியவில்லை. சோறு வடிக்கும்போதும் அதுதான், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதுதான். ஒரு நாளாவது அகப்படும் என்று பார்த்தேன். அகப்படவில்லை தம்பி. நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கிளாம்ப் என் கைக்கு வந்ததும் கட்டைவிரல் தானாகத் தட்டித் திறந்துவிடும். நான் திறக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அவர் எப்படிப் பார்த்திருப்பார்?

இது உறைத்த மறுநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், நான் சொல்லவில்லை என்று தெரிந்தும் ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று. “சொல்லலன்னு எனக்கும் நிச்சயமா தெரியாது மேடம். ஒருவேளை சொல்லியிருந்து, நான் தலையாட்டியிருந்தா?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வேறு பக்கம் திரும்பித் துணி மடித்தார்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். எழுதித்தரச் சொன்னார். எழுதிக்கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் என் பேரில் முதல் மெமோ. ஷிஃப்ட் பொறுப்பு எனக்கு வரும் என்று பேச்சு இருந்தது, இனி இந்த வருஷம் வராது. அவருக்குப் பயிற்சியை ஜூன் பத்துவரை நீட்டியிருக்கிறார்கள். அதற்குள் தேற வேண்டும். தேறாவிட்டால் வீடுதான்.

இப்போது தினமும் ஒரு டிரேயை மெதுவாகச் செய்கிறேன். ஒவ்வொன்றும் ஏன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சட்டம். பிறகு அவர் எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டும், நான் ஒன்றும் தெரியாதவளாக நிற்பேன். வெட்கக்கேடு, நான்கு இடத்தில் காரணம் எனக்கே தெரியவில்லை. சிஸ்டரிடம் போய்க் கேட்டு வந்தேன். நான் போவதற்கு முன்னால் தண்ணீர் குடித்தேன் என்று சொன்னால் சிரிக்காதே.

அவர் எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தார். சூடான பொதியை எடுத்ததும் இரும்பு மேஜையில் வைப்பது எங்கள் பழக்கம். சில நாள் அடியில் ஈரம் இருக்கும், ஈரமானால் மறுபடி முதலிலிருந்து. பெட்டியில் கோளாறு என்று திட்டிக்கொண்டிருந்தோம். சூடான தட்டைக் குளிர்ந்த மேடையில் வைத்தால் அடியில் வியர்க்கும், ஹோட்டலில் சின்னப் பிள்ளைக்குத் தெரியும் என்றார். கம்பி அடுக்கில் ஆறவைத்தோம். பத்து நாளாக ஒரு பொதிகூட ஈரமாகவில்லை. இப்போது நான் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறேன்.

அது கிடக்கட்டும். நீ இதையெல்லாம் எங்கே கற்றாய்? தண்ணீர் குடிப்பது, படியில் உட்கார்வது, தலையாட்டுவது. முப்பது பேருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்? மகள் விஷயத்துக்கும் பதில் இல்லை. கோடு போட்ட தாளில் கறுப்பாக எண்ணெய்ப் பசை வேறு. நான் கிளாம்ப்பைக் கவனிக்கத் தவறினேன், உன்னைக் கவனிக்கத் தவற மாட்டேன். என்னடா நடக்கிறது அங்கே?

அக்கா

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் உடம்பளவில் நலம். உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேலாகச் சட்டைப்பையில் இருக்கிறது.

எங்கள் கம்பெனியைப் போன ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். நான் மேனேஜர் இல்லை. ஐந்து மாதம் வேலை தேடி, யாரும் எடுக்காமல், ஜனவரியிலிருந்து டவுன் பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சொல்லித்தருகிற பெண்ணுக்கு இருபத்தாறு வயது. நான் அவரை மேடம் என்கிறேன், அவர் என்னை அங்கிள் என்கிறார். ஸ்கேலால் டேஷ்போர்டில் தட்டித் தட்டிச் சொல்லித்தருவார். கெட்டிக்காரி, ஆனால் உன்னை மாதிரியே, கையைப் பாருங்க என்பார். முதல் ஒரு வாரம் டிப்போவில் டயர் மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நீ சப்ளையரைப் பற்றி எழுதிய ஒவ்வொரு வரியும் என்னைப் பற்றி எழுதினது போலவே இருந்தது. தலையாட்டி பொம்மை என்று நீ எழுதியதை டிப்போவில் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் இரண்டாம் தேதி பரீட்சை. மேட்டில் நிறுத்தி மறுபடி கிளப்பும்போது பஸ் பின்னால் பத்தடி உருண்டது. இறங்கச் சொல்லிவிட்டார்கள். மறுபடி மே இருபதாம் தேதி. அதிலும் தவறினால் மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

தெருவில் எல்லோரிடமும் என் தம்பி மேனேஜர் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நீ. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மருமகளுக்கு நாற்காலி பார்க்க என்னால் முடியாது. மன்னித்துவிடு.

தம்பி

மே 1

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மூச்சு அழுதேன். வேலை போனதற்கு அல்ல. எட்டு மாதம் நீ தனியாகச் சுமந்ததற்கு. ஒவ்வொரு கடிதத்திலும் மேனேஜர், மேனேஜர் என்று கூப்பிட்டு நான் உன் தலையில் கல் வைத்திருக்கிறேன். மகள் தன் வேலையைத் தானே தேடிக்கொள்வாள். நேற்றே இரண்டு இடத்தில் எழுதிப் போட்டுவிட்டாள்.

இனி அழுகையை மூட்டை கட்டி வைப்போம். மே இருபதுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. எனக்கு பஸ் ஓட்டத் தெரியாது, ஆனால் எங்கள் சப்ளையர் அண்ணனுக்குச் செய்ததை உனக்கும் செய்கிறேன். மேட்டில் நின்ற பஸ்ஸை எப்படிக் கிளப்புவது என்று எனக்குச் சொல்லித்தா. எந்தக் கால், எந்தக் கை, எது முதலில், ஏன். ஒன்றும் தெரியாத மண்டூகத்துக்கு எழுதுகிற மாதிரி எழுது. ஒன்றை விட்டாலும் நான் பின்னால் உருண்டுவிடுவேன்.

உடனே எழுது.

அக்கா

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வீட்டுக்காரி உன் கடிதத்தைப் படித்துவிட்டு, இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று என்னைத் திட்டினாள்.

பாடம் இதோ. பஸ் மேட்டில் நிற்கிறது. கை பிரேக் போட்டிருக்கிறது. இடது காலால் கிளட்சை அடிவரை மிதி. முதல் கியர் போடு. வலது காலால் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்து. கிளட்சை மெதுவாக விடு. கை பிரேக்கை எடு.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது அக்கா. கிளட்சை எவ்வளவு விட்ட பிறகு பிரேக்கை எடுப்பது? எழுத முடியவில்லை. எனக்குத் தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது. பரீட்சையில் நான் பிரேக்கை முதலில் எடுத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் மேடத்திடம் காட்டிக் கேட்டேன், மூன்றாவது தடவையாக. பெருமூச்சு விடவில்லை. அவருக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து தன் காலைத் தானே பார்த்துக்கொண்டு மெதுவாகச் செய்து பார்த்தார். “ஒரு நடுக்கம் வருது அங்கிள். பஸ் லேசா நடுங்குது. அது வந்தப்புறம்தான் நான் பிரேக்கை எடுக்கிறேன். இத்தனை நாள் எனக்கே தெரியல” என்றார். பிறகு என்னை அந்த நடுக்கத்துக்காக மட்டும் இருபது தடவை காத்திருக்க வைத்தார்.

ஆகவே திருத்தி எழுதுகிறேன். கிளட்சை மெதுவாக விடு. பஸ் நடுங்கும்வரை பொறு. பிறகு கை பிரேக்கை எடு.

தம்பி

மே 20

அக்கா,

பஸ் உருளவில்லை. தேறிவிட்டேன். விவரமாகப் பிறகு எழுதுகிறேன், முதலில் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும்.

தம்பி

ஜூன் 12

அன்புள்ள டிரைவர் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகவே சுகம்.

நேற்று முன்தினம் அண்ணனின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். தகுதி என்று ஒரு சொல் போதும். நான் ஒரு பக்கம் எழுதினேன், கம்பி அடுக்கு வரை. இன்சார்ஜ் சிஸ்டர் படித்துவிட்டு, அறிக்கை அவரைப் பற்றியா உங்களைப் பற்றியா என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். வேலை நிரந்தரமான செய்தியைக் கேட்டதும் அண்ணன் ஒரு காலி டிரேயை உள்ளங்கையில் ஏந்தித் தோளுக்கு மேலே தூக்கி அறையை ஒரு சுற்று வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அறையில் இப்போது ஆறு நாற்காலி. ஏழாவதாக ஒன்று கேட்டிருக்கிறேன், அடுத்த மாதம் இன்னும் ஒருவர் வருகிறார்.

தெருவில் எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன், என் தம்பி இப்போது டவுன் பஸ் ஓட்டுகிறான் என்று. எதிர்வீட்டுக்காரி முகத்தைச் சுளிக்கவில்லை. எந்த ரூட் என்றுதான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, அதை எழுது.

அடுத்த மாதம் நான்கு நாள் லீவு போட்டு வருகிறேன். உன் வீட்டுக்கு அல்ல, முதலில் உன் பஸ்ஸுக்கு. டிரைவருடன் பேசக்கூடாது என்று போர்டு இருக்கும், பேச மாட்டேன். உனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து உன் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு வருவேன். மேட்டில் நீ நிறுத்தும்போது, அந்த நடுக்கம் வரும்வரை நானும் பொறுத்திருப்பேன்.

உன்
அக்கா